சாய்க்காதீர்

அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அந்தப் போனைக் கொஞ்சம் நேரா பிடிச்சுக்கிறீங்களா? படம் பாருங்க, வேணாங்கல. சாய்ச்சு மட்டும் பிடிக்காதீங்க. திண்டுக்கல்ல ஏறினதுலேருந்து மூணு தடவை சாய்ச்சிட்டீங்க.

சிரிக்கிறீங்க. சிரிங்க. ஒரு வாரத்துக்கு முன்னாடி எவனாவது என்கிட்ட இப்படிச் சொல்லியிருந்தா நானும்தான் சிரிச்சிருப்பேன்.

எங்க எறங்குறீங்க? வாடிப்பட்டியா? அப்ப நேரம் இருக்கு. நான் மதுரைக்கு. கண்ணாஸ்பத்திரிக்கு. என் மச்சினன் படுத்திருக்கான், வீட்டுக்காரியோட தம்பி. லோகநாதன். லோகுன்னு கூப்பிடுவோம். இருபத்தாறு வயசு. முந்தாநேத்து வேலாம்பாறையில கபடி மேட்ச். அங்க தகராறு. கூட்டத்துல எவனோ இரும்பு நாற்காலியால அடிச்சதுல இடது கண்ணு கிழிஞ்சு போச்சு. ஆபரேஷன் பண்ணிக் கட்டுப் போட்டிருக்காங்க. கட்டைப் பிரிச்சாதான் பார்வை இருக்கா இல்லையான்னு தெரியுமாம். இன்னைக்குப் போலீஸ் வந்து அவன்கிட்ட எழுதி வாங்கப் போகுது, அடிச்சது யாருன்னு. அதுக்குள்ள நான் போகணும். இந்தா, இந்தப் போனைக் கொண்டாரச் சொல்லியிருக்கா என் வீட்டுக்காரி. மேட்ச் வீடியோ இதுலதான் இருக்கு.

அடிச்சது யாருன்னா நான் என்னத்தைச் சொல்ல? கூட்டம்ணே. ரெண்டாயிரம் பேரு. புழுதி. எவன்னு சொல்றது?

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் கைநீட்டுற ஆள் இல்ல. எங்க தெருவுல யாரை வேணா கேளுங்க. கோவம் வரும். உப்புப் போட்டுத் திங்கிறவனுக்குக் கோவம் வராதா? ஆனா கைநீட்டுற ஆள் இல்ல.

எனக்குத் தொழில் மொபைல் ஆப் செய்யிறது. நாகல்நகர்ல மாடியில ஆபீஸ். கம்பெனின்னு போர்டு இருக்கும், உள்ள பாத்தா நானும் லோகுவும்தான். கடைக்கு, ஸ்கூலுக்கு, கல்யாண மண்டபத்துக்குன்னு செஞ்சு குடுத்துக்கிட்டு இருந்தோம். அப்பதான் வேலாம்பாறை கமிட்டித் தலைவர் அழகுமலை வந்தாரு. திருவிழாக் கபடிக்கு ஸ்கோர் போட ஆப் வேணும்னாரு. போன வருஷம் கரும்பலகையில எழுதி, எவனோ ஒருத்தன் எச்சியைத் தொட்டு அழிச்சிட்டான்னு மண்டை ஒடைஞ்சதாம். ஆப்ல எவனும் எச்சி தொட்டு அழிக்க முடியாதில்ல?

நானும் செஞ்சேன். ஒரே ஆப்பு, மூணு திரை. முதல் திரை ஸ்கோர் போடுறவருக்கு. எடது பக்கம் ஒரு பொத்தான், வலது பக்கம் ஒண்ணு. ரெண்டாவது, மைதானத்துல பெரிய டிவியில காட்டுற திரை. மூணாவது கேமரா. ஆட்டத்தைப் படம் பிடிக்கிறது. மூணு பேரு மூணு போன்ல தொறந்து வெச்சுக்கிட்டா முடிஞ்சுது.

கபடி பாத்திருக்கீங்கல்ல? பாதி ஆட்டம் முடிஞ்சா பக்கம் மாறுவாங்க. எடது பக்கம் நின்ன டீம் வலது பக்கம் வந்துடும். அதுக்கும் ஒரு பொத்தான் வெச்சேன். 'பக்கம் மாத்து'. அமுக்கினா ஊர்ப் பேரு ரெண்டும் இடம் மாறிடும். ஏன்னா ஸ்கோர் போடுறவரு பேரைப் படிக்க மாட்டாருண்ணே. கோட்டுலேருந்து கண்ணை எடுக்கவே மாட்டாரு. எடது பக்கத்து ஆளுக்குப் புள்ளின்னா எடது கட்டைவிரல். வலதுன்னா வலது. டிரைவர் கியரைப் பாத்தா போடுறாரு? அந்த மாதிரி.

எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. இந்த லோகுதான் ஆரம்பிச்சான். "மாமா, ரெண்டாவது பாதியில போனைச் சாய்ச்சா பக்கம் பழையபடி மாறிடுது"ன்னான். நான் என் போன்ல போட்டு இப்படிச் சாய்ச்சேன், அப்படிச் சாய்ச்சேன், தலைகீழாவே பிடிச்சேன். ஒண்ணும் ஆகல. "என் போன்ல ஒழுங்காத்தான் இருக்கு, போடா"ன்னுட்டேன். மறுநாளும் வந்து அதையே சொன்னான். மூணாவது நாளும். குச்சி வெச்சுக் குத்துற மாதிரி.

நாலாவது நாள் அழகுமலை வந்து உக்காந்திருக்காரு. டீ வந்திருக்கு. அவர் முன்னாடி இவன் சொல்றான், "அண்ணே, ஒரு குறை இருக்கு, சாய்ச்சா பக்கம் மாறுது." நான் சிரிச்சுக்கிட்டே என் போனை எடுத்துச் சாய்ச்சுக் காமிச்சேன். பாருங்க, அசையலன்னு. இவன் எங்கிட்டயிருந்து போனை வாங்கினான். மேலேருந்து கீழே ஒரு இழு இழுத்தான். ஒரு சின்னப் பூட்டுப் படம் இருந்துச்சு. "மாமா, திரை திரும்பாம நீங்க பூட்டி வெச்சிருக்கீங்க. பூட்டின வீட்டுக் கதவைத் தட்டிப் பாத்துட்டு உள்ள திருடன் இல்லைன்னா எப்படி?"ன்னான்.

அழகுமலைக்கு டீ புரையேறிப் போச்சு. அம்புட்டுச் சிரிப்பு.

நான் ஒருக்களிச்சுப் படுத்துப் படம் பாக்குறவன்ணே. நான் படுத்தா படமும் கூடவே படுத்துக்கும். அதுக்காக எப்பவோ பூட்டினது, மறந்தே போச்சு. அது ஒரு கொலைக் குத்தமா? தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல? மூணு நாள் தனியாத்தானே சொன்னான்னு கேக்காதீங்க. அது வேற.

விட்டேன் ஒண்ணு. காதோட சேத்து. அவன் மூக்குக் கண்ணாடி பறந்து போய் அழகுமலையோட டீ கிளாஸ்ல விழுந்துச்சு. ஒரு பக்கத்துக் காது ஒடைஞ்சு போச்சு கண்ணாடிக்கு. லோகு கண்ணாடியை எடுத்துத் தொடைச்சான், நூலை எடுத்துக் கட்டினான், மாட்டிக்கிட்டான். காதுலேருந்து ஒரு சொட்டு ரத்தம் சட்டைக் காலர்ல இருந்துச்சு. அழகுமலை எந்திரிச்சு, "நான் அப்புறம் வர்றேன் தம்பி"ன்னு கிளம்பிட்டாரு. அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க. வளர்ற வயசு, ஒரு அடி வாங்கினா புத்தி வரும். இதை அடின்னு சொல்ல மாட்டாங்க. கைநீட்டுறதுன்னா வேற.

அப்புறம் உக்காந்தேன் பாருங்க, சரி பண்ண. நாலு நாள்.

போனைச் சாய்ச்சா என்ன நடக்குதுன்னு நெனைக்கிறீங்க? படம் திரும்புதுன்னுதானே? இல்லண்ணே. அந்தத் திரையை அப்படியே அழிச்சுப் போட்டுட்டு, படுத்த மாதிரி வேற ஒண்ணைப் புதுசா கட்டுது. கண் மூடித் தொறக்கிறதுக்குள்ள. பழைய திரைக்குத் தெரிஞ்சது எதுவும் புதுசுக்குத் தெரியாது. புள்ளிக் கணக்கு டிவிக்கும் போறதால அது மட்டும் வெளியில பத்திரமா இருக்கும், ஆனா 'பக்கம் மாறியாச்சு'ங்கிறது பழைய திரைக்குத்தான் தெரியும். அது செத்துப் போச்சு. புதுசு வந்து ஆட்டம் இப்பதான் ஆரம்பிக்குதுன்னு நெனைச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்.

சரி, எந்தத் திரையும் திரும்பவே கூடாதுன்னு மொத்தமா பூட்டினேன். டிவி திரை நட்டுக்க நின்னுக்கிச்சு, எழுத்தெல்லாம் எறும்பாட்டம். சரி, டிவி திரையை மட்டும் படுக்க வெச்சேன். அதுலேருந்து ஸ்கோர் திரைக்கு வந்தா அதுவும் படுத்துக்கிட்டு வருது, வந்து நிமிருது, நிமிர்ந்தா அழியுது. இங்க அமுக்கினா அங்க பிதுங்குது. மூணாம் நாள் மத்தியானம் சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்து சாய்ச்சுப் பாக்குறேன், மறுபடியும் பக்கம் மாறி நின்னு பல்லைக் காட்டுது. என்னால தாங்க முடியல. அடுப்படியில குழவிக்கல்லு கெடந்துச்சு. தூக்கி அந்த டெஸ்ட் போன் மேல போட்டேன். ஒரு தடவை போட்டா பத்தல. வெளிச்சம் அணையிற வரைக்கும் போட்டேன்.

ரேணுகா, என் வீட்டுக்காரி, ஓடி வந்து, "போன் என்னங்க பண்ணுச்சு உங்களை?"ன்னா. தண்ணிச் சொம்பைச் சுவத்துல எறிஞ்சேன். அவ மேல இல்ல, சுவத்துல. சுவத்தை ஒட்டி அவ நின்னா அதுக்கு நானா பொறுப்பு? முழங்கையில லேசா வீங்குச்சு, அவ்ளோதான். லோகு வந்து அக்கா கையைப் பாத்தான். என்னைப் பாத்தான்.

சாயங்காலம் பக்கத்துல வந்து உக்காந்தான். "மாமா, சாய்ஞ்சா திரை சாகும். அது போனோட குணம். நீங்க அது சாகவே கூடாதுன்னு மல்லுக்கட்டுறீங்க. அது நடக்காது. சாகுறதுக்கு முன்னாடி கையில இருக்கிறதை வெளியில ஒரு எடத்துல குடுத்துட்டுப் போகச் சொல்லணும். புதுசு வந்து அங்கேருந்து வாங்கிக்கும். பத்து வரி கூட இல்ல. கேமரா திரை நான் எழுதினதுதானே, அதுல பண்ணிட்டேன். இப்ப எப்படிச் சாய்ச்சாலும் ரெக்கார்டிங் நிக்காது. எப்படிப் பண்ணேன்னு காட்டட்டுமா? மத்த ரெண்டையும் ராத்திரியே முடிச்சிடறேன்."

நல்லாத்தான் சொன்னான். இப்ப யோசிச்சா நல்லாத்தான் இருக்கு. ஆனா அன்னைக்கு, காதுல காயத்தோட, நூல் கட்டின கண்ணாடியோட, வாத்தியாராட்டம் உக்காந்து எனக்குப் பாடம் எடுக்குறான். பதிமூணு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். "நான் எழுதினதுல கை வெச்சே, விரலை ஒடிச்சிடுவேன்"னேன். சுட்டுவிரலைப் பிடிச்சுப் பின்னாடி வளைச்சும் காமிச்சேன். சும்மா, ஒரு பயத்துக்கு. அவன் 'ஸ்'ஸுன்னான், விட்டுட்டேன். ஒடைக்கல.

என் வழி சுலபமான வழி. காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்திரி ஒண்ணை எடுத்து, ஸ்கோர் போடுற போனுக்குப் பின்னாடி ஒட்டி, பேனாவால எழுதினேன். 'சாய்க்காதீர்'. முடிஞ்சுது வேலை. பஸ்ஸுல 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்'னு எழுதியிருக்கான்ல, எவனாவது பஸ்ஸை மாத்திக் கட்டச் சொல்றானா?

பிளாஸ்திரியைப் பின்னாடி ஒட்டினா பாக்குறவனுக்கு எப்படித் தெரியும்கிறீங்க. முன்னாடி ஒட்டினா பொத்தானை மறைக்கும்ணே. எனக்குத் தெரியாதா?

அந்தா கொடைரோடு. கடலை வேணுமா? வேணாமா? சரி, கேளுங்க.

ஞாயித்துக்கிழமை பைனல். வேலாம்பாறைக்கும் ஏழுகல்லூருக்கும். ஜெயிச்சா கோப்பை, கூட ஒரு கொம்பு சீவின கிடா. கிடா பெருசில்ல, கோப்பையும் பெருசில்ல. ரெண்டு ஊருக்கும் பதினஞ்சு வருஷப் பகை. ஆட்டத்துக்கு முன்னாடியே ஏழுகல்லூர்க்காரன் ஒருத்தன் பல்லை ஒடைச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். யாரு ஒடைச்சான்னு கேட்டா, "முறுக்குக் கடிச்சேன்"கிறான். ஆட்டத்துலயும் பிடின்னா பிடி இல்லண்ணே, எலும்பு நொறுங்குற பிடி. ஒருத்தனைக் கணுக்காலைப் பிடிச்சு இழுத்ததுல தாடை தரையில மோதி நாக்கைக் கடிச்சுக்கிட்டான். வாயெல்லாம் ரத்தத்தோட 'கபடி கபடி'ன்னு பாடிக்கிட்டே கோட்டைத் தொடுறான். கூட்டம் சாமி வந்த மாதிரி ஆடுது.

ஸ்கோர் போட்டது சோலைமலை வாத்தியாரு, ரிட்டையர் ஆன பி.டி. மாஸ்டர். பெரிய மனுஷன். முதல் பாதி தங்கமா போச்சு. பக்கம் மாறினாங்க, வாத்தியாரு ஞாபகமா பொத்தானை அமுக்கினாரு. நானே பக்கத்துல நின்னு பாத்தேன். இப்ப ஏழுகல்லூர் எடது பக்கம், வேலாம்பாறை வலது பக்கம். ஆறு நிமிஷம் போயிருக்கும். வெயில் சாய்ஞ்சுது. மேற்கேருந்து நேரா திரையில அடிக்குது வெயில். வாத்தியாருக்குக் கண்ணு கூசுது. போனை இப்படி, நீங்க பிடிச்சிருந்தீங்களே, அதே மாதிரி சாய்ச்சுப் பிடிச்சாரு.

பழைய திரை செத்துது. புதுசு வந்துது. யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, நான் அப்ப இளநி குடிக்கப் போயிட்டேன்.

அதுக்கப்புறம் ஏழுகல்லூர்க்காரன் எடுக்குற ஒவ்வொரு புள்ளியும் வேலாம்பாறைக் கணக்குல ஏறுது. வாத்தியாருக்கு டிவி முதுகுப் பக்கம். கட்டைவிரல் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு. ஏழுகல்லூர்ப் பயலுக கத்துறானுக. கபடின்னா கத்தத்தானே செய்வான்னு எல்லாரும் விட்டுட்டாங்க. கடைசியில விசில் அடிச்சா, டிவியில வேலாம்பாறை எட்டுப் புள்ளி முன்னாடி நிக்குது. ஏழுகல்லூர் கேப்டன் டிவியைப் பாத்தான். நேரா போய் டிவியைக் காலால ஒரு உதை விட்டான்.

அப்புறம் என்னத்தைச் சொல்ல. பந்தல் கம்பைப் பிடுங்குறான் ஒருத்தன். சவுக்குக் கம்பு. சோலைமலை வாத்தியார் முதுகுல விழுந்துச்சு முதல் அடி. எழுவது வயசு மனுஷன், குப்புற விழுந்தாரு. அழகுமலை வேட்டியை உருவிட்டானுக, கழுத்துல துண்டைப் போட்டு முறுக்குறானுக. பிளாஸ்டிக் நாற்காலி பறக்குது, இரும்பு நாற்காலி பறக்குது, சோடா பாட்டில் பறக்குது. ஒருத்தன் காதைக் கையில பொத்திக்கிட்டு ஓடுறான், விரல் சந்துல ரத்தம் ஒழுகுது. பொம்பளைங்க பிள்ளைகளை இழுத்துக்கிட்டுச் சோளக்காட்டுக்குள்ள ஓடுறாங்க. நானும் ஒரு இரும்பு நாற்காலியை மடக்கிக் கையில எடுத்துக்கிட்டேன். தற்காப்புக்குண்ணே. நாலு பேர் மேல வந்தானுக, நாலு பேருக்கும் குடுத்தேன். அதுல ஒருத்தன் யாரு எவருன்னே தெரியல, ஐஸ் விக்கிறவன்னு அப்புறம் சொன்னாங்க.

அப்பதான் மைக்குல சத்தம் கேட்டுச்சு. பாத்தா லோகு. மேடையில நிக்கிறான். ஒரு கையில மைக்கு, ஒரு கையில கேமரா போன், அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு.

"யாரும் அடிச்சுக்காதீங்க. ஆட்டக்காரங்க மேல தப்பில்ல. வாத்தியார் மேலயும் தப்பில்ல. எங்க ஆப்புலதான் தப்பு. போனைச் சாய்ச்சா பக்கம் மாறிடுது. எங்களுக்கு முன்னாடியே தெரியும். சரி பண்ணாம கொண்டாந்துட்டோம். மன்னிச்சிருங்க. முழு ஆட்டமும் இந்தப் போன்ல இருக்கு. ஒவ்வொரு பிடியா போட்டுப் பாத்து, சரியான புள்ளியைச் சொல்லிடறோம். ரெண்டு ஊருப் பெரியவங்களும் மேடைக்கு வாங்க."

நம்ப மாட்டீங்க. கூட்டம் நின்னுடுச்சுண்ணே. கம்பை ஓங்கினவன் ஓங்கின கையோட நிக்கிறான். வாத்தியாரை ரெண்டு பேர் தூக்கி உக்கார வெக்கிறாங்க. அந்த ஏழுகல்லூர் கேப்டனே தண்ணி கொண்டாரச் சொல்றான். எல்லாம் அடங்கிப் போச்சு.

என்ன கேட்டீங்க?

கூட்டம் அடங்கிடுச்சுன்னா அவனை அடிச்சது யாருன்னா?

நீங்க ரொம்ப நுணுக்கமா கேக்குறீங்கண்ணே.

சரி. வாடிப்பட்டியில எறங்கிப் போயிடுவீங்க. நானும் என் பேரைச் சொல்லல. உங்ககிட்டச் சொன்னா என்ன?

ரெண்டாயிரம் பேர் முன்னாடிண்ணே. மைக்குல. 'எங்களுக்கு முன்னாடியே தெரியும்'கிறான். 'எங்களுக்கு'ன்னா யாரு? அவனா? அந்தத் திரையை எழுதினது நானு. கமிட்டிக்காரனுக எல்லாம் திரும்பி என்னைப் பாக்குறானுக. கைதட்டினான் ஒருத்தன் அவனுக்கு. என் மாடியில, என் ஃபேனுக்கு அடியில உக்காந்து தொழில் கத்துக்கிட்ட பய. அவனுக்குக் கைதட்டு, எனக்குக் கேவலம். மேடை பக்கத்துலதான் இருந்துச்சு. நாற்காலி கையிலதான் இருந்துச்சு. தற்காப்புக்குன்னு எடுத்ததுதான். ஏறினேன். "மாமா"ன்னு திரும்பினான். ஒரு அடி. ஒண்ணே ஒண்ணு. நாற்காலி முனை கண்ணாடியில பட்டு, கண்ணாடி உள்ள போயிடுச்சு. நல்ல கண்ணாடியா இருந்தா தெறிச்சு வெளியில விழுந்திருக்கும். நூல் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தான் பாருங்க, அங்கேயே நின்னுருச்சு.

அவன் விழுந்ததும் எவனோ "அடிச்சுட்டாங்கடா"ன்னான். மறுபடியும் கம்பு, மறுபடியும் புழுதி. அதுல எவன் அடிச்சான்னு எவனுக்கும் தெரியாது. எவனோ அடிச்சான்னு நானும் சொன்னேன். ரேணுகாகிட்டயும் சொன்னேன். அவ என் தோள்ல சாய்ஞ்சு அழுதா. நானும் அழுதேண்ணே. நிஜமாத்தான் அழுதேன். ஆறு வயசுலேருந்து தெரியும் அவனை, எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே. கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம்னு... ச்சே. அந்தப் பழமொழி வேணாம்.

கீழ விழுந்த போனை நான் எடுத்துக்கிட்டேன். காலையில ஆஸ்பத்திரியிலேருந்து ரேணுகா கூப்பிட்டுச் சொல்றா, "லோகு பேசினான். மாமாகிட்ட போன் இருக்கு, அதுல எல்லாம் இருக்கும், மாமாவே பாத்து யாருன்னு சொல்லட்டும்கிறான்"னா. எம்மேல எவ்ளோ நம்பிக்கை பாருங்க.

எந்திரிக்காதீங்க, வாடிப்பட்டி இன்னும் வரல. உக்காருங்க. இந்தாங்க, பாருங்க. நீங்க ஒருத்தராவது பாக்கணும். இப்ப சாய்ச்சே பாருங்க, பரவாயில்ல. பாத்தீங்களா, மைக்குல பேசுறான், கூட்டம் தெரியுது. இப்ப போன் கீழ விழுது. ஒரு உருளு, ரெண்டு உருளு. சாய்ஞ்சுது, நிமிர்ந்துது, மறுபடியும் சாய்ஞ்சுது. ஒரு நொடி நிக்குதா பாருங்க! அழியல, தொங்கல, பாட்டுக்கு ஓடுது. நான் நாலு நாள் குழவிக்கல்லோட மல்லுக்கட்டினதை இந்தப் பய பத்து வரியில முடிச்சிருக்கான். அந்தா, வானம். அந்தா, நான்.

ஒரு அடின்னுதான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். சத்தியமா. எண்ணிப் பாருங்க. மூணு. ரெண்டாவதும் மூணாவதும் கீழ கிடக்குறவன் மேல. எனக்கு ஞாபகமே இல்லண்ணே. மூஞ்சியைப் பாருங்க, என் மூஞ்சி மாதிரியா இருக்கு?

போலீஸ் இதைப் பாத்தா என்ன ஆகும்? ரேணுகா பாத்தா? அவ அப்புறம் என்னோட இருப்பாளா? எனக்கு வேற யாரு இருக்கா? அதான் திண்டுக்கல்லேருந்து யோசிச்சுக்கிட்டே வர்றேன். அழிக்க மனசு வரல, அவன் செஞ்ச வேலை. இருந்தாலும்... இந்தா. அமுக்கியாச்சு. 'நிச்சயமாக அழிக்கவா?'ங்குது. ஆமா. போச்சு. நீங்க ஒண்ணும் பாக்கல.

பாருங்க, பேரைச் சொன்னதும் அவளே கூப்பிடுறா. இருங்க.

சொல்லு ரேணுகா. கொடைரோடு தாண்டிட்டேன்... பாத்தேன், பாத்தேன். அதுல ஒண்ணுமில்லம்மா. போன் கீழ விழுந்து சாய்ஞ்சதும் ரெக்கார்டிங் நின்னு போச்சு. உன் தம்பி சரியா பண்ணல. சரி பண்ணிட்டேன்னான், பண்ணல... ஆமா, நின்னு போச்சு... என்ன?... யாரு?... எப்போ?... ரேணுகா. ரேணுகா, இரு, நான் சொல்றதைக் கேளு... ரேணு...

வெச்சிட்டா.

சாகுறதுக்கு முன்னாடி கையில இருக்கிறதை வெளியில ஒரு எடத்துல குடுத்துட்டுப் போகணும்னு சொன்னான்லண்ணே. வெளியிலன்னா இந்தப் போனுக்குள்ளன்னு நான் நெனைச்சேன். இல்லையாம். எடுக்க எடுக்க அவன் கம்ப்யூட்டருக்கு ஏறிக்கிட்டே இருந்திருக்கு. அன்னைக்கே அங்க இருந்திருக்கு முழுசும். கண்ணுல கட்டோட படுத்துக்கிட்டு, அக்கா போன்லேருந்தே எதை எங்க தொறக்கணும்னு இவன் சொல்லிக் குடுத்திருக்கான். நேத்தே பாத்துட்டா. நேத்தே பாத்துட்டு, காலையில எங்கிட்ட ஒண்ணும் தெரியாத மாதிரி பேசியிருக்கா. "நீங்களே வந்து சொல்லிடுவீங்கன்னு இவன்தான் சொன்னான், நான் நம்பல"ங்கிறா. கடைசி வரைக்கும் மாமா சொல்லிடுவாருன்னு சொல்லிக்கிட்டு இருந்தானாம். போலீஸ் வந்தாச்சாம். ஸ்பீக்கர்ல போட்டிருந்தாளாம். நான் பேசினதை எல்லாரும் கேட்டாங்களாம். அவனும்.

எப்படிப் பண்ணேன்னு காட்டட்டுமான்னு கேட்டாண்ணே. ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். நான் விரலைப் பிடிச்சு வளைச்சேன்.

வாடிப்பட்டி வந்துடுச்சா? எறங்கணுமா? அண்ணே, மதுரை வரைக்கும் வாங்களேன். டிக்கெட் நான் எடுக்குறேன். தனியா போய் எறங்க பயமா இருக்குண்ணே. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, நல்ல மனுஷன், கூடவே வந்தேன், ஒரு சுடுசொல்லு இல்லைன்னு. நான் கைநீட்டுற ஆள் இல்லைன்னு உங்களுக்கே தெரியும்ல?

என்ன? கையை விடணுமா? நான் எங்கண்ணே பிடிச்சிருக்கேன்?

ஐயோ. கொடைரோட்டுலேருந்தா பிடிச்சிருக்கேன்? ஏண்ணே நீங்க சொல்லல? மணிக்கட்டெல்லாம் நீலமா கன்னிப் போச்சே.